வீட்டு மேசையில் அம்பு கட்டுவது எப்படி: கோலாலம்பூரில் வில் பழகத் தொடங்கியவர்களுக்கு

பெர்த்தில் வசிக்கும் என் மச்சான், உரிமம் பெற்ற தம் ரைபிளுக்கான தோட்டாக்களைக் கார் கொட்டகை மேசையில் தாமே நிரப்பிக்கொள்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒவ்வொரு குண்டாகத் தராசில் வைத்து அவர் எடை பார்த்ததை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கவனித்தேன். “நல்ல தோட்டா செய்யணும்னு இல்ல மாப்பிள்ளை, எல்லாத்தையும் ஒரே மாதிரி செய்யணும், அவ்வளவுதான்” என்றார். நானும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு செந்தூலுக்குத் திரும்பிய எனக்கு முதலில் தெரிந்தது, மலேசியாவில் அந்த வேலையை வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது என்பதுதான். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டாவை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் தயாரிப்பது கடுங்குற்றம். இணையத்தில் யார் என்ன செய்து காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எடை பார்த்து, அளந்து, ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்யும் அந்த வேலையை இங்கே நிம்மதியாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு வில்வித்தை இருக்கிறது. நானும் என் மகளும் ஒரே மாதத்தில் பழகத் தொடங்கினோம். முதல் டஜன் அம்புகளை நான் எப்படிப் பாழாக்கினேன் என்பதைக் கீழே ஆங்காங்கே சொல்கிறேன்.

1. முதலில் எய்வதற்கு ஓர் இடம்

அம்புக்குப் பொருள் வாங்குவதற்கு முன் ஒரு கிளப்பிலோ பயிற்சித் திடலிலோ சேர்ந்துவிடுங்கள். கொண்டோ கார் நிறுத்துமிடத்திலோ, அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியிலோ ‘ஒரே ஒரு தடவை’ எய்து பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வலுக் குறைந்த வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு கூட, குறி தவறினால் நூறு மீட்டருக்கு அப்பால் போய் விழும்.

நான் சேர்ந்த கிளப்பில் அடையாள அட்டையின் நகல், கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்று, அவசரத் தொடர்பு எண், விபத்துப் பொறுப்பை ஏற்கும் ஒப்புதல் படிவம் ஆகியவற்றைக் கேட்டார்கள். மகளுக்கு வயது 18 ஆகாததால் பிறப்புச் சான்றிதழின் நகலும் என் கையெழுத்தும் கூடுதலாகத் தேவைப்பட்டன. உறுப்பினர் அட்டை கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அட்டை வந்ததும் அதை அம்பு வைக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டம், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. எல்.ஆர்.டி.யில் போகும்போது யாராவது விசாரித்தால், மூடிய பெட்டியும் அட்டையும் பாதிப் பேச்சை மிச்சப்படுத்தும். விமானப் பயணத்தில் அம்புகள் சரக்குப் பையில்தான் போக வேண்டும். கைப்பையில் அனுமதி இல்லை.

2. வில்லையும் உங்கள் கையையும் அளந்துகொள்ளுங்கள்

வில்லின் கிளையில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) 26 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால், அது 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள வலு. நீங்கள் அதைவிட ஓர் அங்குலம் குறைவாக இழுத்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். கூடுதலாக இழுத்தால் அதே அளவுக்குக் கூடும். ஆகவே, அச்சிட்ட எண்ணை நம்பாமல், கிளப்பில் இருக்கும் வில் தராசைக் கேட்டு வாங்கி, உங்கள் முழு இழுப்பில் விரல்களில் எத்தனை பவுண்டு நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இழுப்பு நீளத்தை அளக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும். வெட்டாத நீள அம்பு ஒன்றை மாட்டி, நாண் தாடையைத் தொடும் வரை இழுத்துப் பிடியுங்கள். வில்லின் கைப்பிடியின் முன்புற விளிம்பு அம்பைச் சந்திக்கும் இடத்தில் அவர் மார்க்கரால் கோடு போடட்டும். இதை ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. தொடக்கத்தில் நாம் தோளைச் சுருக்கிக்கொண்டுதான் இழுக்கிறோம். நிற்கும் முறை திருந்தத் திருந்த இழுப்பு நீளம் கூடிக்கொண்டே வரும். என் மகளுக்கு நான்கு மாதத்தில் முக்கால் அங்குலம் கூடியது. வெவ்வேறு நாளில் மூன்று முறை அளந்து, மிக நீண்ட அளவை எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தண்டின் நீளத்தைத் தீர்மானியுங்கள்.

3. ஸ்பைன் எண்: பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம்

கார்பன் தண்டின்மேல் 500, 700, 1000 என்று அச்சிட்டிருக்கும் ஸ்பைன் எண் அதன் விறைப்பைக் குறிக்கிறது. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடும்போது அரை அங்குலம் வளைந்தால் அது 500. ஓர் அங்குலம் வளைந்தால் 1000. எண் பெரிதானால் தண்டு இளகியது, எண் சிறிதானால் விறைத்தது. புதியவர்கள் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் புறப்படுவதில்லை. பின்னாலிருந்து தள்ளப்படுவதால் மீன் நெளிவதுபோல் நெளிந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. வில்லின் வலுவுக்கு ஏற்ற அளவில் அந்த நெளிவு இருந்தால்தான் குறியில் சேரும். அதனால் வலு குறைந்த வில்லுக்கு இளகிய தண்டு தேவை. 26 பவுண்டு வில்லுக்குப் பெரும்பாலும் 900, 1000 என்ற அளவில் அமையும். நீளமும் முனையின் எடையும் இதை மாற்றும்: தண்டு நீண்டால் இளகும், குட்டையானால் விறைக்கும், முனை கனத்தால் இளகும், இலேசானால் விறைக்கும். தண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் அட்டவணையில் உங்கள் பவுண்டையும் நீளத்தையும் பொருத்திப் பார்த்து, கிளப் பயிற்றுநரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாங்குங்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மலிவு விற்பனை என்று 600 எண் கொண்ட பன்னிரண்டு தண்டுகளை வாங்கினேன். எல்லாம் இடப்பக்கமாகவே போயின. நீளம் அதிகமாகிவிட்டது போலும் என்று நினைத்து, பன்னிரண்டையும் ஒன்றரை அங்குலம் வெட்டினேன். ஏற்கெனவே விறைத்திருந்தவை இன்னும் விறைத்தன. இன்று அவற்றில் நான்கு, பால்கனித் தொட்டிகளில் தக்காளிச் செடிக்குக் கொம்பாக நிற்கின்றன.

4. பொருள்களும் செலவும்

என் இரண்டாவது டஜனுக்கான கணக்கை அப்படியே தருகிறேன். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும் ஓர் அளவு பிடிபடும். கார்பன் தண்டு பன்னிரண்டு 168 ரிங்கிட், முனைகள் 48, அம்பின் பின்முனையில் செருகி நாணில் மாட்டும் பிளவுள்ள சிறு துண்டான ‘நாக்’ பன்னிரண்டு 18, ஐம்பது பிளாஸ்டிக் இறகுகள் கொண்ட பை 25, கடையில் தண்டு வெட்டும் கூலி அம்புக்கு 2 ரிங்கிட் வீதம் 24. ஆக மொத்தம் 283 ரிங்கிட். கருவிகளில், இறகு ஒட்டும் ஜிக் 95, சூட்டில் உருகும் பசைக் குச்சி 16, இறகுக்கான பசை 15, 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு 35, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் 12 என்று 173 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து 456.

இதே தரத்தில் கட்டி முடித்த டஜனைக் கடையில் 324 ரிங்கிட்டுக்குத் தந்தார்கள். அப்படியானால் டஜனுக்கு மிச்சம் 41 ரிங்கிட். கருவிக்குப் போட்ட காசு திரும்பி வர ஐந்து டஜன் கட்ட வேண்டும். காசு மிச்சமாகும் என்று மட்டும் எண்ணி இறங்குகிறவர்கள் கட்டிய அம்பையே வாங்கிக்கொள்வது மேல். கருவி உண்மையில் உதவுவது பழுது பார்க்கும்போதுதான். வாரம் இரண்டு முறை எய்தால் மாதத்துக்கு நான்கைந்து இறகாவது பிய்ந்துவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடி, வாகன நிறுத்தக் கட்டணம் கட்டி, மறுவாரம் வாங்கிவரும் தொல்லை இல்லாமல் போகும்.

ஒரு டஜனுக்கான தண்டுகளை ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாளில் வாங்குங்கள். இன்று ஆறு, அடுத்த மாதம் ஆறு என்று வாங்கினால் எடை ஒத்துப்போகாது.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

முதல் டஜனுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. வரவழைத்தே ஆக வேண்டுமென்றால், 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும், கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பொட்டலத்தின்மேல் ‘குச்சிகள்’, ‘பொம்மை’ என்றெல்லாம் எழுதச் சொல்லாமல், விளையாட்டு வில்வித்தைக்கான அம்புத் தண்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அனுமதி ஏதும் தேவையா என்று அனுப்புவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்திடமும் சுங்கத் துறையிடமும் கேட்டுவிடுங்கள். விலைப் பட்டியல், பணம் கட்டிய சான்று, பொருளின் படம் மூன்றையும் கைப்பேசியில் வைத்திருங்கள். என் பொட்டலம் ஒன்று இந்தப் படம் இல்லாத ஒரே காரணத்தால் ஒன்பது நாள் கிடங்கில் கிடந்தது.

6. ஐந்தை மட்டும் வெட்டுங்கள்

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிடத் தோன்றும். அடக்கிக்கொண்டு ஐந்தை மட்டும், அதுவும் முன்பு தீர்மானித்த முழு நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

கார்பன் தண்டைக் குழாய் வெட்டும் கருவியாலோ சாதாரண இரும்பு ரம்பத்தாலோ வெட்டக் கூடாது. இழைகள் நசுங்கிப் பிளந்துவிடும். வேகமாகச் சுழலும் அரவைத் தட்டு பொருத்திய அம்பு ரம்பம் வேண்டும். அது விலை கூடியது என்பதால் கடையிலேயே வெட்டிக்கொள்வது நல்லது. நண்பரிடம் ரம்பம் இருந்து வீட்டிலேயே வெட்டுவதானால், வெளியில் காற்றோட்டமான இடத்தில் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து வெட்டுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். சமையல் மேசையில் இந்த வேலையை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. முனையைப் பொருத்துதல்

தண்டின் உட்புறத்தை ஆல்கஹாலில் நனைத்த காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால், பஞ்சு கறுப்பாவது நிற்கும் வரை துடையுங்கள். பின்பக்கத்து நாக்கைக் கழற்றிவிடுங்கள். இதைச் சொல்லித் தர யாரும் இல்லாததால், நான் பொருத்திய முனை மெதுவாக, தானாகவே வெளியே வந்துகொண்டிருந்ததை ஒரு நிமிடம் பேய் பிடித்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து முனையைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

முனையைக் குறட்டில் பிடித்து அதன் வால் பகுதியைச் சூடாக்கி, பசைக் குச்சியை அதன்மேல் தடவி, தண்டுக்குள் சுழற்றியபடியே செலுத்துங்கள். சூடு முனைக்கு மட்டுமே காட்ட வேண்டும். தண்டில் நேரடியாக நெருப்பு பட்டால் கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் கெட்டு, வெளியே ஒன்றும் தெரியாமலே தண்டு பலமிழந்துவிடும். குறைந்த சூட்டிலேயே உருகும் பசைக் குச்சியாகக் கேட்டு வாங்குங்கள். பொருத்தியதும் முனையைத் தண்ணீரில் ஒருமுறை முக்கினால் இறுகிவிடும். எப்பாக்சி பசை இதைவிட வலுவானதுதான். ஆனால் பின்னால் நீளம் குறைக்க வேண்டி வந்தால் முனையைக் கழற்ற முடியாது.

8. இறகு ஒட்டுதல்: நம் ஊர் ஈரப்பதம் செய்யும் வேலை

ஐந்தில் மூன்றுக்கு மட்டும் இறகு ஒட்டுங்கள். இரண்டு மொட்டையாகவே இருக்கட்டும். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஒவ்வோர் அம்பிலும் மூன்று இறகுகள், ஒன்றுக்கொன்று 120 பாகையில். அவற்றில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும். அது நாக்கின் பிளவுக்குச் செங்குத்தாக, வில்லை விட்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். தண்டையும் இறகின் அடிப்பாகத்தையும் ஆல்கஹாலால் துடைத்த பின் விரலால் தொடாதீர்கள். இறகை ஜிக்கின் கவ்வியில் வைத்து, அடிப்பாகத்தில் மெல்லிய ஒரே கோடாகப் பசை இழுத்து, தண்டின்மேல் அழுத்துங்கள்.

இந்த உடனடிப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. குளிர்நாட்டுக் காணொளிகளில் அவர்கள் நிதானமாகச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரத்தில் இங்கே அது பிடித்துவிடும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் நான் ஒட்டிய இறகுகளைச் சுற்றிக் காலையில் வெண்பனி போல் படிந்திருந்தது. பசை கெட்டுவிட்டது என்று புதுக் குப்பியும் வாங்கினேன். பசையில் குறை ஒன்றுமில்லை. அளவுக்கு மிஞ்சித் தடவியிருந்தேன். அதிக ஈரப்பதத்தில் அதன் ஆவி வெண்மையாகத் தண்டில் படிந்துவிடுகிறது. பசையைக் குறைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, மழையில்லாத நேரத்தில் ஒட்டினால் வராது. திறந்த குப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஒரே கவ்வி கொண்ட ஜிக்கில் இறகு ஒன்றுக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். முழு டஜனுக்கு 36 இறகு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதன்பின் ஒருநாள் முழுக்க விட்டுவிட்டுத்தான் எய்ய வேண்டும்.

9. நாணில் பொருத்தமும் மொட்டை அம்புச் சோதனையும்

அம்பை நாணில் மாட்டி, வில்லைக் கிடையாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தானாக விழக் கூடாது; நாணை விரலால் இலேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாமல் இறுகப் பற்றியிருந்தால், நாணில் சுற்றியிருக்கும் நூலுக்குப் பதில் மெல்லிய நூல் சுற்றச் சொல்லுங்கள் அல்லது வேறு அளவு நாக் வாங்குங்கள். தளர்வாக இருப்பது அதைவிட ஆபத்து. இழுக்கும்போது அம்பு கழன்றுவிட்டால் வெற்று நாணை விட்டதாகி, வில்லின் கிளையே விரிசல் கண்டுவிடலாம்.

பிறகு 18 மீட்டரில் இறகுள்ள மூன்றையும் மொட்டையான இரண்டையும் ஒரே குறிக்கு எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு மொட்டை அம்புகள் மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு. வலப்பக்கம் விழுந்தால் இளகல். இடக்கைக்காரருக்கு இது மாறும். இளகலாக இருந்தால் முனையைக் கழற்றிக் கால் அங்குலம் வெட்டி மீண்டும் எய்து பாருங்கள். விறைப்பாக இருந்தால் வெட்டாதீர்கள். கனமான முனையைப் போட்டுப் பாருங்கள், அதிலும் சரிவராவிட்டால் கடைக்காரரிடம் தொடாத ஏழு தண்டுகளை மாற்றிக் கேளுங்கள். இரண்டு வகை அம்புகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் சேர்ந்தால் புதியவருக்கு அது போதும். ஒரே நாள் முடிவை நம்பாமல் வேறொரு நாளும் சோதியுங்கள். களைத்த கை பொய் சொல்லும்.

அதன்பின்தான் மீதி ஏழை வெட்டுவது. அளவிலிருந்து இறகு ஒட்டுவது வரை எல்லாம் முடிய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

10. எடை, எண், நோட்டு

மீதியைக் கட்டுவதற்கு முன் தண்டுகளையும் முனைகளையும் தனித்தனியாக எடை போட்டு, கனத்த தண்டுக்கு இலேசான முனை என்று சோடி சேருங்கள். கட்டி முடித்த பன்னிரண்டும் 0.2 கிராம் வித்தியாசத்துக்குள் நின்றால் நல்ல வேலை. கடைகளில் கிரெய்ன் என்ற அலகில் பேசுவார்கள். ஒரு கிராம் 15.4 கிரெய்ன். சமநிலையையும் பாருங்கள். 29 அங்குல அம்பு நாக்கின் பிளவிலிருந்து 18.4 அங்குலத்தில் விரல்மேல் சமமாக நின்றால், நடுப்புள்ளியான 14.5ஐக் கழித்தபின் வரும் 3.9ஐ 29ஆல் வகுக்க, 13.4 விழுக்காடு முன்பாரம், அதாவது எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. ஒலிம்பிக் வகை வில்லுக்கு 11 முதல் 16 வரை இருக்கலாம்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி ஒவ்வொரு தண்டிலும் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரு சுற்றில் எய்யும் அம்புகளின் இறகும் நாக்கும் ஒரே நிறத்தில், ஒரே வடிவில் இருக்க வேண்டும். தண்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு முறை எய்யப் போகும் முன்பும், ஓர் அம்பு இன்னொன்றில் மோதியபோதும், தண்டின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் இலேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் அந்த அம்பு முடிந்தது. விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்தால் சிம்புகள் வில் பிடித்த கையில் ஏறும். பஞ்சு உருண்டையைத் தண்டின்மேல் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிம்பும் பஞ்சைப் பிடித்திழுத்துக் காட்டிக்கொடுக்கும். கெட்ட தண்டை இரண்டாக ஒடித்து, முனைகளில் டேப் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும்.

கடைசியாக, அம்புகளுக்கு 1 முதல் 12 வரை எண் எழுதி, எந்த எண் எங்கே விழுந்தது என்று ஒரு பள்ளி நோட்டில் குறித்துவையுங்கள். மூன்று வாரம் குறித்த பின்தான், என் 7ஆம் எண் மட்டும் எந்நாளும் கூட்டத்தை விட்டு வலப்பக்கம் போய் நிற்பது தெரிந்தது. எடையும் தண்டின் நேர்த்தன்மையும் சரியாகவே இருந்தன. நாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மகள், “அப்பா, இங்க முடி மாதிரி ஒரு கீறல் இருக்கு” என்றாள். ஒன்றரை ரிங்கிட் நாக் ஒன்றை மாற்றியதும் 7 மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டது.